எட்டாவது அசைவு: தோளில் தூசி தட்டல்

கறுப்புத் திரைக்குப் பின்னால், வாயில் இரண்டு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, என் குர்த்தாவின் மார்பில் ஒரு ரோஜாவைப் பொருத்திக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

"அங்கிள், மூச்சு விடுங்க," என்றாள் இந்தியில்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் பெயர் ருஜுதா. கல்யாண வீட்டாருக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். புனேயில் இது இன்று ஒரு முழுநேரத் தொழில். திருமணத்துக்கு முந்தைய மாலையில் இரு வீட்டாரும் மேடையேறி ஆடும் விழாவுக்குச் சங்கீத் என்று பெயர். பெயர்தான் சங்கீதம், நடப்பதெல்லாம் ஆட்டம்.

திரைக்கு அப்பால் என் சம்பந்தி விநாயக்ராவ் ஆடிக்கொண்டிருந்தார். போசரியில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர், கனமான சரீரம். கைக்குட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலில் பிடித்து, மகுடி ஊதுவதாகப் பாவித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி தரையில் படுத்துப் பாம்பாக நெளிந்தார். சீட்டியொலி கூரையைத் தொட்டது. வாயிலோரக் கடையிலிருந்து பாவ்பாஜி வெண்ணெயின் வாசனையும், மேடைப்புகை இயந்திரத்தின் மருந்து நெடியும் கலந்து வந்தன.

அடுத்து நாங்கள். பெண்வீட்டின் ஒரே ஆட்டம். நானும் என் மகள் பவித்ராவும்.

அவள் என் அருகில் வந்து நின்றாள். மருதாணியிட்ட கை என் முழங்கையைத் தொட்டது.

"அப்பா, இப்பகூட வேண்டாம்னா சொல்லுங்க. சச்சி, நிஜமாத்தான். நான் மைக்ல சொல்லிடுறேன், அப்பாக்கு முட்டி வலின்னு."

"முட்டி நன்றாக இருக்கிறது," என்றேன்.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. முப்பத்தொரு அசைவுகள். அனைத்தும் எனக்கு மனப்பாடம்.

வாசகர் ஒருவரின் புகார்

இத்தொடரில் இதுவரை உலைகளைப் பற்றியும், வார்ப்பில் விழும் கீறல்களைப் பற்றியும், மேலதிகாரிகளைப் பற்றியும் எழுதி வந்திருக்கிறேன். மதுரையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, தங்கள் கட்டுரைகள் பயனுள்ளவை. ஆனால் தாங்கள் வாழ்க்கையில் ஒருமுறையேனும் சிரித்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் சிரித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என்னைப் பார்த்துப் பிறர் சிரித்த ஒரு மாலையைப் பற்றிச் சொல்லலாம்.

அதற்கு முன், ஆட்டத்துக்கும் எனக்கும் இருந்த உறவைச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஓர் உறவு இருந்ததில்லை.

என் தந்தை திருநெல்வேலியிலிருந்து புனேயின் கட்கிக்கு வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் படித்து, உலோகவியலில் ஆய்வுப் பட்டம் பெற்று, அதே வகையான ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கூடத்துக்குத் தலைமை வகித்து ஓய்வுபெற்றேன். நாற்பதாண்டுகள் என் வேலை, பிற பொருள்கள் எவ்வளவு வளைந்தால் உடையும் என்று அளப்பது. நான் வளைந்து பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

எங்கள் திருமணத்தில் நலங்கு வைத்தார்கள். தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலையில் மற்றவர் அப்பளம் நொறுக்குவதும் உண்டு. கோமதி என் தலையில் அப்பளத்தை நொறுக்கினாள், கூடம் கொண்டாடியது. என் முறை வந்தபோது, அப்பளத்தைக் கையில் பிடித்தபடி, எண்ணெய் அவள் பட்டுப்புடவையில் படாதா என்று கேட்டேன். இருபது பெண்கள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

கோமதிதான் அந்த மௌனத்தை உடைத்தாள். அப்பளத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் தானே நொறுக்கிக்கொண்டாள்.

"அவுக சார்பா நானே அடிச்சுக்கிட்டேன்," என்றாள்.

அது எங்கள் மணவாழ்க்கையின் ஏற்பாடாகவே நிலைத்துவிட்டது. மகிழ்ச்சி சம்பந்தப்பட்ட காரியங்களில், என் சார்பாகவும் அவளே நடந்துகொண்டாள்.

ஹெல்மெட்டுக்குள் ஒரு கணவன்

புனேக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அவள் மராத்திக் கல்யாணங்களின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, முன்னால் டோல் தாஷா முழங்க, உற்றார் ஆடிக்கொண்டே மண்டபத்துக்கு அழைத்துவருவார்கள். வராத் என்பார்கள். அதில் ஆடுகிறவரிடம் யாரும் அழைப்பிதழ் கேட்பதில்லை.

ஒருமுறை, மண்டை காயும் ஒரு மே மாத மாலை. கசார்வாடியில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், பழைய மும்பை நெடுஞ்சாலையின் ஓரமாக ஒரு வராத் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவ்வூர்வலத்தின் வேகத்தை நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். சூடான இரும்பு விரிவடையும் வேகத்தோடு அதை ஒப்பிடலாம். எங்கள் ஸ்கூட்டர் அதற்குப் பின்னால் சிக்கிக்கொண்டது.

"ஏங்க, இதுக்கு இன்னும் அரைமணி நேரமாவும்," என்றாள் பின்னிருக்கையிலிருந்து.

"ஆமாம்."

"சும்மாதான இருக்கோம்."

பின்னிருக்கை இலேசாயிற்று. திரும்பிப் பார்த்தபோது, காய்கறிப் பையை என் மடியில் வைத்துவிட்டு அவள் போய்விட்டிருந்தாள். யாரென்றே தெரியாத பெண்கள் நடுவில், கையை உயர்த்தி, குதிரைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகம் தெரியாமலிருப்பது அவ்வேளையில் பெரிய வசதியாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, கையில் ஒரு பேடாவோடு திரும்பி வந்தாள்.

"மாப்பிள்ளையோட மாமா கேட்டாரு, நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்னு."

"நீ என்ன சொன்னாய்?"

"ரோட்டுப் பக்கம்னேன்."

பேடாவைப் பாதியாகப் பிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி, என் வாயில் வைத்தாள். அதில் ஏலக்காய் கூடுதலாக இருந்தது.

மணமேடையில் இடமில்லை

பவித்ராவின் திருமணம் நிச்சயமானது ஒரு தீபாவளியை ஒட்டி. மகர்பட்டாவில் அவளுடன் வேலைபார்க்கும் நிகில்தான் மாப்பிள்ளை. நிச்சயமான மறுவாரமே கோமதி சங்கீத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். பெண்ணின் பெற்றோர் ஆடும் ஜோடி ஆட்டம் ஒன்று வேண்டும். பாட்டு அவள் தேர்ந்தெடுத்த பழைய தமிழ்ப் பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டேன். சொன்னால் வாசகர்கள் அதைக் கேட்கும்போதெல்லாம் என் உருவத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள்.

ருஜுதா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கூடத்தில் கற்றுக்கொடுத்தாள். நான் படிப்பறையின் கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமே இல்லாத ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் போனபின் என் கைப்பேசி ஒலித்தது. பத்தடி தூரத்திலிருந்த கூடத்திலிருந்து கோமதி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நான் அதைத் திறக்கவில்லை. கட்டைவிரல் உயர்த்திய சின்னத்தை மட்டும் பதிலாக அனுப்பினேன்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். இதயம். ஒரு முற்பகலில் தொடங்கி அதே பிற்பகலில் முடிந்தது. இதைப் பற்றி வேறு எதுவும் எழுதும் எண்ணம் எனக்கில்லை.

ஓராண்டுக்குள் திருமணத்தை நடத்திவிடுவது நல்லது என்று இரு வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். கோமதியின் தம்பி, மனைவியோடு திருநெல்வேலியிலிருந்து வந்து என்னெதிரே அமர்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார்.

"அத்தான், ஒண்ணும் நெனச்சுக்கிடாதீய. தாரைவார்க்க ஜோடியா உக்காரணும்ங்காவ. நானும் இவளும் உக்காருதோம்."

"அதுதான் முறை," என்றேன்.

ஆகவே மணமேடையில் தந்தைக்குரிய இடம் எனக்கில்லை. வரவேற்பில் நின்று கும்பிடலாம். வெற்றிலைப் பையை நீட்டலாம்.

அன்று மாலை பவித்ரா அலுவலகத்திலிருந்து வந்தாள். காலணியைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"சங்கீத் கேன்சல் பண்ணிட்டேன்ப்பா."

"ஏன்?"

"அம்மா இல்லாம, நீங்க ஓரமா உக்காந்திருக்க, நான் மட்டும் ஆடணுமா? நிகில் வீட்ல ஆறு டான்ஸ் ரெடி பண்ணிட்டாங்க, பாவம். பர்வாயில்ல. அவங்க வீட்லயே ஆடிக்கட்டும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் ஐந்து வயதிலிருந்து தாயுடன் ஊர்வலங்களில் ஆடியவள். தன் கல்யாணத்தில் ஆடாமல் போகிற பெண்ணாக அவளை ஆக்கப்போவது, ஓரமாக உட்காரும் என் வழக்கம் என்று எனக்குப் புரிந்தது.

"அந்த ஜோடி ஆட்டம் இருக்கட்டும்," என்றேன். "உன் அம்மாவின் பாகத்தை நீ ஆடு. என் பாகத்தை நான் ஆடுகிறேன்."

சமையலறையில் தண்ணீர் நிரம்பி வழியும் ஓசை கேட்டது.

"நீங்களா?"

"நான்தான்."

"அப்பா, நீங்க ஆடலைன்னா அந்த ஈவ்னிங்கே இல்ல. நடுவுல நின்னுட்டீங்கன்னா நான் அங்கேயே அழுதுருவேன். எல்லார் முன்னாலயும். சோச்சு சொல்லுங்க."

"யோசித்துத்தான் சொல்கிறேன்."

ஒலியில்லாத பாடம்

ருஜுதாவின் வகுப்புக்குப் போக நான் மறுத்துவிட்டேன். அந்த வயதில் ஓர் ஆணுக்குச் சில தனிமைகள் தேவை. என் பாகத்தை அவள் தனியாகப் படமெடுத்துப் பவித்ரா வழியாக அனுப்பினாள். அதை நான் திறக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே ஒரு வீடியோ இருந்தது. ஒரே பாடத்துக்கு இரண்டு நூல்கள் வேண்டியதில்லை. மேலும், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவனுக்கு உண்டு.

பவித்ரா வேலைக்குப் போனபின், காலை பதினோரு மணிக்கு, கோமதி அனுப்பிய வீடியோவை முதன்முறையாகத் திறந்தேன்.

ஒலியை அடைத்துவைத்திருந்தேன். கீழ்வீட்டுச் சுலபாதாயிக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்குப் புனேயில் யாரும் தூங்குவதில்லை.

கூடத்தில், ஊதா நிறச் சுடிதாரில், கோமதி கையை அசைத்து என்னவோ சொன்னாள். பிறகு ஆடத் தொடங்கினாள். நான் அதை வரைபடத்தாளில் பதிவுசெய்தேன். அசைவின் எண், எண்ணிக்கை, கை, கால், கடைசியாகக் குறிப்பு என்று ஐந்து பத்திகள்.

எட்டாவது அசைவில் அவள் வலக்கையை இடத்தோளுக்குக் கொண்டுபோய் எதையோ உதறினாள். தோளில் ஒன்றுமில்லை. "தோளில் தூசி தட்டல்" என்று எழுதினேன். பன்னிரண்டாவதில் இடக்கை இடுப்பில். இடுப்பு இருமுறை வலப்புறம். "எடை மாற்றம்" என்று எழுதினேன். பதினைந்தாவதில் முகத்தைக் கையால் மறைத்து விரலிடுக்கில் பார்த்தாள். "விளக்கொளி கண்ணில் படாமல் காத்தல்" என்பது என் முடிவு.

பத்தொன்பதாவதில் வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி அப்படியே நின்றாள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றினாள். "நான்கு எண்ணிக்கை காத்திருத்தல்" என்றும், குறிப்புப் பத்தியில் "நோக்கம் தெரியவில்லை" என்றும் எழுதிவைத்தேன்.

காதில் செருகிய கருவியில் கணினியிலிருந்து பாட்டு, கைப்பேசியில் ஓசையற்ற கோமதி, சுவரில் வரைபடத்தாள். ஆறு வாரம் பயின்றேன்.

பவித்ரா ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

"இது டான்ஸா, லேப் ரிப்போர்ட்டா?"

"இரண்டும்."

"ஒரே ஒரு தடவை சேர்ந்து பிராக்டிஸ் பண்ணலாமாப்பா?"

"அவசியமில்லை. எனக்கு முழுதும் தெரியும்."

இதை நான் எத்தனை முறை, எத்தனை கூட்டங்களில், இதே குரலில் சொல்லியிருக்கிறேன் என்பது என்னுடன் பணியாற்றியவர்களுக்குத் தெரியும்.

சுலபாதாயியின் மின்விசிறி

மூன்றாவது வாரத்தில், கண்ணை மூடிப் பத்தொன்பதாவது அசைவில் நின்றிருந்தேன். கை தலைக்குமேல். சுற்றி முடித்துக் கண்ணைத் திறந்தால், வாசலில் சுலபாதாயி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி, மறுகையில் முதலுதவிப் பெட்டி.

அவர் கோமதியின் முப்பதாண்டுத் தோழி. அவருடன் என் பேச்சு எப்போதும் மராத்தியில்தான். இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"பாவுஜி, நீங்க விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன். தினமும் பதினோரு மணிக்கு என் வீட்டு ஃபேன் தானா ஆடுது."

"இடையூறுக்கு வருந்துகிறேன்."

"ஃபேன் ஆடட்டும், அது நல்லாத்தான் ஆடுது. உங்க இடுப்புதான் ஆட மாட்டேங்குது."

நான் காதுக் கருவியைக் கழற்றி மடித்தேன்.

"இன்னொரு தடவை ஆடுங்க, பார்ப்போம்," என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

மறுக்கும் நிலையில் நான் இல்லை. முப்பத்தொரு அசைவுகளையும் ஆடிக் காட்டினேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு கத்துக்கொடுத்தது?"

"கோமதி."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றார் கடைசியில். "அந்தத் தூசி தட்டுற இடம் மட்டும்... கொஞ்சம் மெதுவா, பாவுஜி. அவ்வளவு தூசி இல்ல."

இந்தப் பெண்மணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு கோமதிகள்

பாட்டு தொடங்கியது. திரையைத் தாண்டி வெளிச்சத்துக்குள் நடந்தோம்.

முதல் ஏழு அசைவுகள் பிழையின்றி நடந்தன. பவித்ரா என்னை ஓரக்கண்ணால் பார்த்து வியந்தாள். அவள் தோளின் இறுக்கம் குறைவதை நான் உணர்ந்தேன்.

எட்டாவது. நான் தோளில் தூசி தட்டினேன். அதே கணத்தில் பவித்ரா தன் முந்தானையை அழகாக உதறித் தோளில் போட்டாள்.

அரங்கம் சிரித்தது. திட்டமிட்ட வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். பவித்ராவின் புன்னகை அப்படியே உறைந்தது. பற்களுக்கிடையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்பா! அது என் ஸ்டெப்!"

"எனக்கு இதுதான் கற்றுக்கொடுக்கப்பட்டது," என்றேன், ஒன்பதாவதுக்கு நகர்ந்தபடி.

"யாரு கத்துக்கொடுத்தா?"

"உன் அம்மா."

அவள் ஓர் எண்ணிக்கையைத் தவறவிட்டாள். அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவதில் எங்கள் இருவர் இடுப்பும் வலப்புறம் இருமுறை போயின. மாப்பிள்ளை வீட்டு வாலிபர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். பதினைந்தாவதில் நான் முகத்தை மறைத்து விரலிடுக்கில் பார்த்தேன். எதிரே முதல் வரிசையில் விநாயக்ராவ் தம் மனைவியின் தோளில் சாய்ந்து கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கொளிக்கும் இந்த அசைவுக்கும் தொடர்பில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாணம். நான் பத்து நொடியாக நாணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியேறும் வழி எதுவும் இல்லை. நின்றால் அவள் அழுவாள். ஆகவே தொடர்ந்தேன்.

பத்தொன்பது. வலக்கையை உயர்த்தினேன். ஒன்று. இரண்டு.

பக்கத்தில் பவித்ராவின் கையும் உயர்ந்திருந்தது. மருதாணிச் சிவப்பு, விரல்கள் சற்றே மடிந்து, எதையோ எதிர்பார்த்து. இரண்டு கைகள் காற்றில் நின்றன. இரண்டையும் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

மூன்று. அந்தக் கை எதற்காக உயர்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிடிக்க வேண்டியவன் நான். கூடத்தில், ஊதா நிறச் சுடிதாரில், அவள் காத்துநின்றது எனக்காக.

நான்கு. என் கையைத் தாழ்த்தினேன். மகளின் கையைப் பிடித்தேன். அவள் அதன்கீழ் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சுற்றி வந்து என்னெதிரே நின்றபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவள் கோமதியின் மகள்.

"நீங்க அம்மாவோடதையே ஆடுங்க," என்று கிசுகிசுத்தாள். "நான் நீங்க."

ஆணின் பாகத்தை அவளும் கற்றிருக்கவில்லை. ஆகவே அவள் என்னையே ஆடினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டாள். முகத்தை ஆய்வறிக்கை வாசிப்பதுபோல் வைத்துக்கொண்டு, நான்கடி முன்னால், நான்கடி பின்னால், மேற்பார்வையிட நடப்பவர்போல் நடந்தாள். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். அவள் அலுவலகத் தோழிகள் "அங்கிள்! அங்கிள்!" என்று அலறினார்கள்.

நான் கோமதியின் மீதிப் பன்னிரண்டு அசைவுகளையும் அந்த விறைத்த உருவத்தைச் சுற்றிச்சுற்றி ஆடினேன். அது ஒரு புன்னகைகூடத் தரவில்லை. ஆடுவதற்கு எளிதான துணையன்று. கோமதி இத்தனை ஆண்டுகள் எப்படிச் சலிக்காமல் ஆடினாள் என்று எண்ணியபடியே முப்பத்தொன்றை முடித்தேன்.

பிறகு நடந்தவை கொஞ்சம் கலைந்தே நினைவில் இருக்கின்றன. விநாயக்ராவ் மேடையேறி, "வியாஹி! சம்பந்தி! எங்க ஆறு டான்ஸும் வேஸ்ட்!" என்று என்னைத் தரையிலிருந்து தூக்கினார். ருஜுதா நெற்றியில் கைவைத்துத் திரையோரம் உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், நான் அனுப்பின வீடியோ?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். சுலபாதாயி அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் எழுந்து வந்து, சரிந்திருந்த ரோஜாவை மறுபடி நிமிர்த்திக் குத்தினாள்.

கோமதியின் தம்பி என் கையைப் பிடித்தார். "அத்தான், அப்படியே அக்கா..." என்று தொடங்கினார். பிறகு, பந்தியில் மோர் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். மோர் அன்றைய உணவுப் பட்டியலில் இல்லை.

பவித்ரா அதன்பின் மேடையை விட்டு இறங்கவேயில்லை. மாப்பிள்ளை வீட்டின் மீதி ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அழைக்காமலேயே நுழைந்து ஆடினாள். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மணமேடையில் மைத்துனரும் அவர் மனைவியும் அமர்ந்து தாரைவார்த்தார்கள். நான் கீழே, முதல் வரிசையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பவித்ரா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். தோளில் இல்லாத தூசியை ஒருமுறை, மெதுவாகத் தட்டினாள்.

ஒலியுடன்

அவர்கள் எல்லோரும் புறப்பட்டுப் போன மறுநாள், பதினோரு மணிக்கு, அந்த வீடியோவை மீண்டும் திறந்தேன். இம்முறை ஒலியை அடைக்கவில்லை.

"ஏங்க," என்றாள் கோமதி, கையை அசைத்து. "இது என் பாகம். ஒங்க பாகத்த அந்தப் பிள்ள தனியா அனுப்பும். இதப் பாத்துட்டு அப்படியே ஆடிராதீய, ஊரே சிரிக்கும்."

நான் நாற்காலியில் அமர்ந்து முழுதும் கேட்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் அவள் பெயர் சொல்லிக்கொண்டே ஆடியிருக்கிறாள். எட்டாவது, முந்தானை. பன்னிரண்டாவது, நடை. பதினைந்தாவது, வெக்கம், "இது எனக்கு வராது, சும்மா பண்ணுதேன்" என்று ஒரு சிரிப்பு.

பத்தொன்பதாவதில் கையை உயர்த்தினாள்.

"இந்த இடத்துல நீங்க வரணும்," என்றாள். பிறகு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

முகத்தைச் சற்றே இடப்புறம் திருப்பினாள். அந்தப் பக்கத்தில்தான் என் படிப்பறைக் கதவு இருக்கிறது.

"அஞ்சு," என்றாள். தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

சுவரிலிருந்து வரைபடத்தாளை எடுத்தேன். பத்தொன்பதாவது வரியில், நோக்கம் தெரியவில்லை என்ற குறிப்பை அடித்தேன். எண்ணிக்கைப் பத்தியில் நான்கு என்றிருந்ததை ஐந்து என்று திருத்தினேன்.